லினக்ஸுக்கு மாறலாமா? கட்டற்ற இயங்குதளம் தருவதும் தராததும்

எட்டு, பத்து வருடப் பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. பேட்டரி கொஞ்சம் போயிருந்தாலும் மற்றபடி நன்றாகவே ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் 11 மட்டும் அதில் ஏறமாட்டேன் என்கிறது. இந்த நிலையில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இல்லாதவர்கள் புது மெஷின் வாங்க வேண்டியதுதான். அப்போது தெரிந்தவர் யாராவது "லினக்ஸ் போடுங்க, காசே வேண்டாம்" என்பார். பக்கத்திலேயே இன்னொருவர் "அதெல்லாம் புரோகிராம் எழுதறவங்களுக்கு, நமக்குச் சரிப்படாது" என்பார்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதைவிட முக்கியம், இரண்டுக்கும் காரணம் ஒன்றே: லினக்ஸுக்கு முதலாளி கிடையாது. அதனால் உங்களிடமிருந்து அதை யாரும் பிடுங்க முடியாது, காலாவதி ஆக்க முடியாது, வாடகை கேட்க முடியாது. அதே காரணத்தால், உங்கள் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்கவும் ஆள் கிடையாது. மாறலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால் போதும், மற்ற நன்மை தீமை எல்லாம் தானாக விளங்கிவிடும்.

இயங்குதளம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரவுசரைத் திறக்கிறீர்கள், பாட்டுக் கேட்கிறீர்கள், போட்டோவைச் சேமிக்கிறீர்கள். இதற்கெல்லாம் பிராசஸர், மெமரி, டிஸ்க், ஸ்பீக்கர் வேண்டும். எந்த மென்பொருளுக்கு எப்போது எவ்வளவு என்று இவற்றைப் பிரித்துக் கொடுக்கும் அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம். அதன் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். சரியாகச் சொன்னால் லினக்ஸ் என்பது கெர்னல் மட்டும்தான். அதோடு மெனு, கோப்பு மேலாளர், பிரவுசர், ஆபிஸ் மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து முழுத் தொகுப்பாக வெளியிடுவதை டிஸ்ட்ரோ என்கிறார்கள். டெபியன், ஃபெடோரா, உபுண்டு, லினக்ஸ் மின்ட் எல்லாம் டிஸ்ட்ரோக்கள்.

முதலாளி ஏன் இல்லை?

மென்பொருளை மனிதர்கள் எழுதும்போது அது படிக்கக்கூடிய வடிவத்தில் இருக்கும், அதுதான் மூல நிரல். வணிக நிறுவனங்கள் பெரும்பாலும் அதைக் கொடுப்பதில்லை, இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்தை மட்டும் விற்கும். அமெரிக்காவில் எம்ஐடி-யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மேனுக்கு இது ஒரு பிரிண்டர் வழியாக உறைத்தது. பழைய பிரிண்டரின் மென்பொருளில் அவரே கைவைத்து, காகிதம் சிக்கினால் பயனர்களுக்குத் தகவல் போகும்படி செய்திருந்தார். புதிதாக வந்த லேசர் பிரிண்டரும் அடிக்கடி சிக்கியது, ஆனால் அதன் மூல நிரலைக் கேட்டபோது ரகசிய ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். 1983-இல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், நிரலைப் படித்து மாற்றலாம், நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகளும் பயனருக்கு உள்ள, அதாவது கட்டற்ற, இயங்குதளம் ஒன்றைக் கட்டுவதே நோக்கம்.

இந்த உரிமைகளை யாரும் பிறகு பறித்துவிடக் கூடாது என்று 1989-இல் ஜிபிஎல் என்ற உரிமம் வந்தது. நான் தருகிற நிரலை எடுத்துக்கொள், மாற்று, விற்கக்கூடச் செய், ஆனால் மாற்றியதை வெளியே கொடுத்தால் இதே உரிமைகளோடு மூல நிரலையும் கொடு என்பது அதன் சாரம். இது சட்டத்தை வைத்தே போட்ட பூட்டு, எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

குனுவில் கெர்னல் மட்டும் தயாராகாமல் இழுத்துக்கொண்டே போனது. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது வயது 21, பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். அடுத்த வருடமே அதை ஜிபிஎல்லுக்கு மாற்றினார். குனுவின் கருவிகளும் அந்தக் கெர்னலும் சேர்ந்ததுதான் இன்று நாம் லினக்ஸ் என்று கூப்பிடுவது. ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிய வரிகள் அவரவர் பதிப்புரிமையோடு ஒரே உரிமத்தின் கீழ் கிடக்கின்றன, அதனால் யாரோ ஒருவர் நாளைக் காலையில் எழுந்து "இனிமேல் இது என்னுடையது" என்று சொல்லிவிட முடியாது.

இது ஏட்டளவில் மட்டும் இல்லை. சர்வர்களில் மிகப் பிரபலமாக இருந்த சென்ட்ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவுக்கு 2029 வரை அப்டேட் வரும் என்று நம்பி உலகம் முழுக்க நிறுவியிருந்தார்கள். 2020 டிசம்பரில், அதை நடத்திவந்த ரெட்ஹேட் நிறுவனம் சென்ட்ஓஎஸ் 8-ஐ 2021 கடைசியோடு நிறுத்தப் போவதாக அறிவித்தது. வேறு வகை மென்பொருளாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இங்கே மூல நிரல் பொதுவில் இருந்ததால், அடுத்த சில மாதங்களுக்குள் அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று இரண்டு மாற்றுகள் கிளம்பி வந்துவிட்டன. நம்பியவர்களுக்குத் தலைவலிதான், ஆனால் நடுத்தெருவில் யாரும் நிற்கவில்லை.

வீட்டுக்கு என்ன லாபம்?

பணம் முதலில். உரிமக் கட்டணம் இல்லை, எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் போடலாம். நம்மூரில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டு, உரிமம் இருப்பதுபோல் ஏமாற்றும் ஆக்டிவேட்டரை எங்கிருந்தோ இறக்கி ஓட்டிக் கொடுப்பது இங்கே ரொம்ப சாதாரணம். அந்த ஆக்டிவேட்டருக்குள் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஆனால் அதே மெஷினில்தான் நெட்பேங்கிங் பாஸ்வேர்டை அடிக்கிறீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே லினக்ஸுக்கு மாறலாம் என்பேன். நேர்மையான வழியில், ஒரு பைசா கொடுக்காமல், ஒழுங்காக அப்டேட் வாங்கும் கம்ப்யூட்டர் கிடைக்கிறது.

அந்த அப்டேட்டும் வேறு மாதிரி. மென்பொருள் எல்லாம் டிஸ்ட்ரோ பராமரிக்கும் ஒரே கிடங்கிலிருந்து வருகிறது. கெர்னல், பிரவுசர், வீடியோ பிளேயர் எதுவாக இருந்தாலும் ஒரே பட்டனில் புதுப்பித்துவிடலாம். கூகுளில் தேடி, நான்கு போலி "டவுன்லோட்" பட்டன்களைத் தாண்டி, ஏதோ ஒன்றை நிறுவும் பழக்கமே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் உபுண்டுவின் எல்டிஎஸ் எனும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து வருடம் இலவச அப்டேட் உண்டு. வேலை செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகாது, மெனுவில் விளம்பரம் வராது, நிறுவும்போது மின்னஞ்சல் கணக்கு கேட்டு அடம்பிடிக்காது.

பழைய மெஷினில் வேகமாக ஓடுமா? ஓடும், ஆனால் இதில் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். எக்ஸ்எஃப்சிஇ மாதிரி இலகுவான டெஸ்க்டாப்பை, அதாவது மெனு, ஜன்னல் என்று திரையில் தெரியும் பகுதியைப் போட்டால் 4 ஜிபி ராமில் இயங்குதளம் லேசாகத்தான் இருக்கும். ஆனால் பிரவுசரில் பதினைந்து டேப் திறந்தால் எந்த இயங்குதளமும் திணறும், அங்கே ராமைத் தின்பது பிரவுசர். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு, அதன் மேல் லினக்ஸ் நிறுவினால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

தமிழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு வணிக நிறுவனம் தன் மென்பொருளைத் தமிழில் தருவதா வேண்டாமா என்பதைச் சந்தைக் கணக்குப் பார்த்து முடிவு செய்யும். இங்கே யாரையும் கேட்க வேண்டியதில்லை, உட்கார்ந்து மொழிபெயர்த்தால் சேர்ந்துவிடும். கேடிஇ, க்னோம் டெஸ்க்டாப்களும், மைக்ரோசாஃப்ட் ஆபிஸுக்கு மாற்றான லிப்ரே ஆபிஸும் தமிழில் கிடைப்பது அப்படித் தன்னார்வலர்கள் செய்த வேலையால்தான். ஐபஸ் என்ற கருவியில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகள் எல்லாம் இருக்கின்றன. சென்னை ஐஐடியில் கூடிவந்த சென்னை லினக்ஸ் பயனர் குழு, கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதும் கணியம் என்று நம் ஊரில் உதவி கேட்க இடங்களும் உண்டு.

பள்ளிக்கூடங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கேரளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் 2000-களின் நடுவிலிருந்தே அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறிவிட்டன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அதற்கேற்ற பாடநூல், செய்முறைத் தேர்வு எல்லாம் அதிலேயே. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட டிஸ்ட்ரோ அது. ஆனால் மெஷினில் இருப்பது வேறு, அதை வைத்துப் பாடம் நடப்பது வேறு. கேரளம் ஆசிரியர்களிடமிருந்து தொடங்கியது, அதனால் நின்றது. நம் பிள்ளைகள் கையில் அத்தனை மெஷின்கள் போய்ச் சேர்ந்தும் அந்த வாய்ப்பு அவ்வளவாகப் பயன்படாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சரி, சிக்கல் எங்கே?

லினக்ஸ் எங்கே அருமையாக ஓடுகிறது என்று பாருங்கள். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து அத்தனையும் லினக்ஸ். இணையத்தின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸ். ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல். கெர்னலுக்கு நிரல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இன்டெல், ரெட்ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். ரெட்ஹேட்டை ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது என்றால் இதில் எவ்வளவு பணம் புழங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பணம் சர்வரிலும் கிளவுடிலும் இருக்கிறது. உங்கள் வீட்டு லேப்டாப்பின் கைரேகை சென்சார் வேலை செய்ய வேண்டும் என்று காசு கொடுக்க யாரும் இல்லை. பணம் வருகிற பக்கம் பளபளவென்று இருக்கிறது, வராத பக்கம் யாராவது ஆர்வலர் வார இறுதியில் சரிசெய்யக் காத்திருக்கிறது. டெஸ்க்டாப் லினக்ஸின் குறைகளில் பாதிக்கும் மேல் இதற்குள் அடங்கிவிடும்.

வன்பொருளை எடுத்துக்கொள்வோம். பிரிண்டர், வைஃபை சிப், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றுக்கும் டிரைவர் வேண்டும். விண்டோஸுக்கு அதைத் தயாரிப்பு நிறுவனமே எழுதிக் கொடுக்கிறது. லினக்ஸுக்குச் சிலர் கொடுக்கிறார்கள், சிலர் கொடுப்பதில்லை, சிலர் பத்து வருடம் முன்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இன்றைக்குப் பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபை, ஆடியோ, டச்பேட் எல்லாம் நிறுவியவுடனே ஓடும். ஆனால் உங்கள் மெஷினில் இருப்பது அந்தச் சிலவற்றில் ஒன்றாக இருந்துவிட்டால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் காணப்படும் மலிவான பழைய லேசர் பிரிண்டர்களில் சில இந்த வகை.

அடுத்தது மென்பொருள், பலருக்கும் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். போட்டோஷாப், ஆட்டோகேட், டெஸ்க்டாப்பில் ஓடும் முழு மைக்ரோசாஃப்ட் ஆபிஸ், டாலி எதுவுமே லினக்ஸுக்கு வருவதில்லை. வைன் என்ற மென்பொருள் வழியாகச் சில விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டலாம், ஆனால் பிழைப்பையே அதை நம்பி வைக்கச் சொல்லமாட்டேன். ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற கணக்காளர், டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி வேலை பார்ப்பவர், பழைய குறியாக்க எழுத்துருக்களில் வருடக்கணக்காக அழைப்பிதழும் துண்டறிக்கையும் வடிவமைத்து வரும் டிடிபி கடைக்காரர் எல்லாம் இப்போதைக்கு விண்டோஸிலேயே இருப்பதுதான் நல்லது. டிடிபி கடைக்காரரின் பழைய கோப்புகள் யூனிகோடுக்கு மாறாத வரை அவருக்கு வேறு வழியும் இல்லை. ஆன்லைன் தேர்வுக்குக் கல்லூரி கொடுக்கும் பூட்டு போட்ட பிரவுசர்கள் சிலவும் லினக்ஸில் ஓடாது, மாணவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுகள் ஒரு காலத்தில் பெரிய குறை. 2018-இல் வால்வ் நிறுவனம் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற மென்பொருளைக் கொண்டுவந்த பிறகு, அதன் கேம் கடையான ஸ்டீமில் உள்ள ஏராளமான விண்டோஸ் கேம்கள் ஓடத் தொடங்கிவிட்டன. வேலரண்ட் மாதிரி, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை இயங்குதளத்தின் ஆழத்தில் போட்டு வைத்திருக்கும் ஆன்லைன் கேம்கள் மட்டும் ஓடாது.

லிப்ரே ஆபிஸ் எனக்கு அன்றாட வேலைக்குப் போதுமானதாக இருக்கிறது, மனதாரச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் தயாரிக்கும் கோப்பை வேர்டில் திறந்து திருத்தித் திருப்பி அனுப்பும் மேலாளர் ஒருவர் இருந்தால், பக்கம் நகரும், அட்டவணை கோணும், ஒரு பக்க ரெஸ்யூமே இரண்டு பக்கம் ஆகும். அனுப்புவதற்கு மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுங்கள்.

உதவி கேட்பதும் பழக வேண்டிய விஷயம். கஸ்டமர் கேர் எண் கிடையாது. பதில்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில், அவற்றில் பல ஆறேழு வருடம் பழைய பதிப்புக்கானவை. எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பார்க்காமல் கட்டளையை அப்படியே டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் ஜன்னல்) ஒட்டாதீர்கள், குறிப்பாக சூடோ என்று தொடங்கினால். அது நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும், ஒரே வரியில் மொத்தத்தையும் அழித்துவிடவும் முடியும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசுகிறார்கள். எல்லாரும் பார்க்கக்கூடிய நிரல் என்பதால் ஓட்டை தெரிந்துவிடும் என்பது ஒரு கட்சி, யாரும் பார்ப்பதில்லை என்பது இன்னொரு கட்சி. 2024-இல் நடந்தது இரண்டையும் காட்டிக் கொடுத்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்க உதவும் ஒரு சின்ன மென்பொருள், ஏறக்குறைய எல்லா டிஸ்ட்ரோவிலும் இருக்கும். அதை ஒரே ஒருவர் சம்பளம் இல்லாமல் வருடக்கணக்காகப் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் யாரோ உதவிக்கு வந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் சர்வர்களுக்குள் நுழையக் கள்ளக் கதவு ஒன்றை அதில் ஒளித்து வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் சோதனை மெஷினில் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் ஆகிறதே என்று சந்தேகப்பட்டு, நிரலைத் தோண்டிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். நிலையான பதிப்புகளுக்குள் போவதற்கு முன்பே, 2024 மார்ச் 29 அன்று, உலகுக்குச் சொல்லிவிட்டார்.

நிரல் மூடியிருந்தால் அவர் தோண்டியிருக்க முடியாது. அந்தப் பராமரிப்பாளர் தனியாகத் தவித்திருக்காவிட்டால் ஜியா டான் நுழைந்திருக்க முடியாது. ஊரே பாய்ச்சுகிற ஏரியைக் குடிமராமத்து செய்ய ஒருவர் மட்டும் மண்வெட்டியோடு நின்றால் என்ன ஆகும், அதுதான் இங்கேயும். நீங்கள் நிரல் எழுதத் தெரிந்தவர் இல்லை என்றாலும் பிழையைப் புகார் செய்யலாம், மொழிபெயர்க்கலாம், பயன்படுத்தும் மென்பொருளுக்கு நூறு ரூபாய் அனுப்பலாம். கொடுப்பதற்குக் கட்டாயம் ஏதுமில்லை, ஆனாலும் கொடுங்கள் என்றுதான் கேட்பேன்.

யார் மாறலாம், எப்படி?

கம்ப்யூட்டரில் உங்கள் வேலை பெரும்பாலும் பிரவுசரிலேயே முடிகிறது என்றால், படிப்பு, மின்னஞ்சல், யூடியூப், கொஞ்சம் எழுத்து என்றால், தாராளமாக மாறலாம். நிரலாக்கம் படிக்கும் மாணவர் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும், அவர் நாளைக்கு வேலை பார்க்கப் போகும் சர்வர் பெரும்பாலும் இதுதான். டிஸ்ட்ரோ எது என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விண்டோஸ் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட், இல்லையென்றால் உபுண்டு. நூற்றுக்கணக்கில் இருக்கும் மற்றவற்றை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். உபுண்டு 2004-இல் வந்த புதிதில் கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பி வைத்தார்கள், நம் ஊர்களுக்கும் வந்தது. இப்போது ஒரு 8 ஜிபி பென்டிரைவ் போதும்.

எடுத்தவுடனே நிறுவாதீர்கள். டிஸ்ட்ரோ முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்யுங்கள், அதாவது தொடங்குங்கள். இதற்கு லைவ் யூஎஸ்பி என்று பெயர், நீங்களாக நிறுவச் சொல்லாத வரை டிஸ்கில் எதையும் தொடாது. கொஞ்சம் மெதுவாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதிலேயே வைஃபை, சத்தம், கேமரா, புளூடூத், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், மூடியை மூடித் திறந்தால் ஒழுங்காக எழுகிறதா என்றும் பாருங்கள்.

பிடித்துவிட்டது, விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிறுவலாம் என்றால், முதலில் முக்கியக் கோப்புகளை வேறு டிஸ்கில் நகல் எடுங்கள். விண்டோஸில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை விண்டோஸுக்குள் போகும்போது அந்தச் சாவியைக் கேட்டு நிற்கலாம். இரண்டும் நிறுவிய பிறகு விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் பயப்பட வேண்டாம். லினக்ஸ் மெஷினின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒற்றை வரிக் கட்டளை இருக்கிறது.

அப்புறம், நிறுவி முடித்ததும் வைஃபை மட்டும் வரவில்லை என்றால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங்கை ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் டிரைவர் எதுவும் கேட்காமல் இணையம் வந்துவிடும். அதை வைத்து மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் உங்கள் சிப்புக்கு டிரைவர் இருக்கிறதா என்று அதுவே தேடிக் காட்டும்.